அசரியா விட்டுச் சென்ற வேலை: திருமண்டலங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான பேராயர்களுக்கும், அவர்கள் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதிகளான திருமண்டலங்களுக்கு முடிவெடுக்கும் பெருமன்ற உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 17 பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பிறந்தநாள். அன்றைக்குப் படத்துக்கு மாலை போடுவதும் மலர் வெளியிடுவதும் நடக்கட்டும். நான் கேட்பது வேறு. அவர் வாழ்நாளெல்லாம் செய்தது கற்பிக்கும் வேலை. அந்த வேலைக்கு இன்றைக்கு நம் கிராமத் திருச்சபைகளில் ஆளில்லை. ஆளைத் தயார் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் பெற்ற, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரிக்கு முன்னும் பின்னும் நடந்தவைதான் நமக்கு முக்கியம். 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். அப்புறம் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனரிகளை அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். திருநெல்வேலியால் மட்டும் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். அடுத்த ஆண்டே இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையில் நடந்த சங்கம் அது. அதன் பணித்தளமாக அமைந்ததுதான் நிஜாம் ராஜ்யத்தின், இன்றைய தெலங்கானாவின், தோர்ணக்கல்.

ஆள் அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. 1909-இல் பெரிய பதவியை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கல் போனார். தெலுங்கு படித்தார். அடுத்த ஆண்டு எடின்பரோ மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த அவையில், நீங்கள் எவ்வளவோ கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று சொன்னாரே, அந்தப் பேச்சு எல்லாருக்கும் தெரியும். அந்த மேடையிலிருந்து இறங்கி அவர் திரும்பிப் போன இடம் மாட்டுவண்டித் தடங்கள் மட்டுமே உள்ள தெலுங்குக் கிராமங்கள் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

அங்கே சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா சாதி மக்கள். பகலெல்லாம் பிறர் வயலில் உழைத்தவர்கள், எழுத்தறியாதவர்கள். ஆகவே பாடம் இரவில்தான். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் எல்லாமே வாயால் சொல்லிச் சொல்லி மனப்பாடம். அதைச் சொல்லிக்கொடுக்க அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஓர் ஆசிரியர். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, இரவில் பெரியவர்களுக்கு வேதம். 1935 வாக்கில் அவருடைய திருமண்டலத்தில் இப்படி 2000-க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்கள் இருந்தார்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கு பேய்களையும் ஊரைவிட்டு விரட்டச் சொல்வதும் அவருடைய போதனையில் அடக்கம்.

ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்துக்கொண்டு, 'நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ' என்று சொல்லவைப்பாராம். நேற்றுவரை சேரியிலிருந்து நிமிர்ந்து நடக்க விடப்படாத ஒரு மனிதன் அந்தக் கையைத் தலையில் வைக்கும்போது என்ன நினைத்திருப்பான்! கற்றுக்கொண்டவன் அன்றைக்கே கற்பிப்பவனாகிறான். அசரியாவின் கல்விமுறை முழுவதும் அந்த ஒரு செயலில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊழியத்துக்குப் படிக்க வந்தவர்கள் தோர்ணக்கலில் குடும்பத்தோடு தங்கினார்கள், மனைவிமாருக்கும் பாடம் நடந்தது. பெண்கள் மத்தியில் நடந்த பணியில் அவருடைய மனைவி அன்பு மரியம்மாள் அசரியாவின் பங்கு பெரிது. அந்த அம்மாவின் பெயரை நம் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில்கூட நான் அதிகம் கேட்டதில்லை.

சரி, இப்போது நம் நிலைமை. எனக்குத் தெரிந்த ஒரு சபையில் ஞாயிறுபள்ளி நடப்பது ஆலயத்தின் பின்பக்க அறையில். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகையின் அண்டாக்களும் பெஞ்சுகளும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி போனைப் பார்த்து யோசேப்பின் கதையை வாசிப்பாள். சின்னப் பிள்ளைகள் ஒழுங்காகக் கேட்பார்கள். ஒரு பையன், 'அக்கா, அண்ணன்மார் ஏன் அவனை வித்தாங்க?' என்று கேட்டால் அவள் மறுபடியும் போனைத்தான் பார்ப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. முன்பு அந்த ஊரில் வேதம் கற்பிக்கும் சபை ஊழியரான உபதேசியார் இருந்தார், வீடு வீடாகப் போவார், எந்தப் பிள்ளைக்கு எந்தச் சங்கீதம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. குருவானவருக்கோ ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பல ஊர்களில் ஆராதனை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்கான வகுப்பு அவசர அவசரமாக முடிகிறது.

யூடியூபில் நல்ல பிரசங்கங்கள் கிடைக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கின்றன, நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆளில்லை.

பணம் இல்லை என்பதும் சரியான பதிலாகாது. தோர்ணக்கல் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைத்தார்கள். கூலி வாங்கிப் பிழைத்தவர்கள் அவர்கள். நம்மிடம் கல்லூரிகள் இருக்கின்றன, வாடகை வரும் கட்டடங்கள் இருக்கின்றன, திருமண்டலத் தேர்தல் வந்தால் செலவுக்குக் குறைவே இல்லை.

ஆகவே ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளான ஒவ்வொரு சேகரத்திலும் சம்பளத்தோடு ஓர் உபதேசியாரையாவது நியமியுங்கள், ஆணோ பெண்ணோ. மே விடுமுறையில் ஞாயிறுபள்ளி ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி வையுங்கள். குடும்பத்தோடு வந்து தங்க இடம் கொடுங்கள். கிறிஸ்தவக் கொடை பற்றியும் திருமணம் பற்றியும் அசரியா எழுதியவற்றை மலிவு விலையில் எளிய தமிழில் அச்சிட்டு எல்லாச் சேகரங்களுக்கும் அனுப்புங்கள்.

அவர் 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் காலமானார். எந்தச் சபை ஐக்கியத்துக்காக உழைத்தாரோ அது 1947 செப்டம்பரில் பல சபைகள் இணைந்த தென்னிந்தியத் திருச்சபையாகக் கைகூடியபோது அவர் இல்லை. அந்த ஐக்கியத்தின் பலனை அனுபவிப்பவர்கள் நாம். வருகிற பெருமன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் உபதேசியார் நியமனத்தை ஒரு பொருளாகச் சேருங்கள். அதில் என்ன முடிவானாலும், ஆகாவிட்டாலும், எல்லாச் சபைகளிலும் வாசிக்கும்படி சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில்,
ஒரு கிராமச் சபையின் அங்கத்தினர்