சுக்கு மல்லி கொதிக்கிற வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நடுநடுவே இருமினாயே, அது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ஒன்றும் இல்லைப்பா, குளிர்தான், மூலிகை டீ பாக்கெட்டை வெந்நீரில் முக்கிக் குடிக்கிறேன் என்றாய். சரி, சூடாக எது இறங்கினாலும் தொண்டைக்கு இதம்தான். ஆனால் சுக்கும் மல்லியும் முக்கி எடுக்கிற சரக்கு இல்லை. அது கொதிக்க வேண்டும், மூன்று டம்ளர் தண்ணீர் இரண்டாகச் சுண்ட வேண்டும், அதுவரை கால் மணி நேரம் நீ அடுப்பு பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை, வேலை என்று ஓடுகிற உனக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைக்கிறதா என்பதுதான் என் கவலை.

நேற்று மழை கொஞ்சம் விட்ட நேரமாகப் பார்த்து கச்சேரி ரோடு டப்பா செட்டி கடைக்குப் போய் வந்தேன். சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போனால் உள்ளே இருக்கிற டப்பாக்களை எண்ணிக்கொண்டே நிற்பாய், நினைவிருக்கிறதா? சுக்கு, திப்பிலி, கொஞ்சம் ஏலக்காய் வாங்கினேன். சுக்கு வாங்குவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு பூசினது. மண் நிறத்தில், கனமாக, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும், உடைத்தால் டக்கென்று உடைய வேண்டும். போன வருஷம் அவசரத்துக்கு வேறொரு கடையில் பொடியாகவே வாங்கி வந்தேன், இரண்டே வாரத்தில் பூச்சி நெளிந்தது, அம்மா அப்படியே எடுத்துக் கொட்டினாள். அதிலிருந்து முழுசாக வாங்கி வீட்டில் இடிப்பதுதான்.

சுக்குக்குப் புறத்தில் நஞ்சு என்று ஆயா சொல்வார்களே, அதனால் தோலைக் கத்தியால் நன்றாகச் சுரண்டிவிட்டு இரும்பு உரலில் போட்டேன். முதல் நாலைந்து இடிக்கு அசையவே இல்லை, கல்லைக் குத்துவது போலத்தான் இருந்தது. அப்புறம் ஒரு துண்டு பிளந்து நார் நாராகப் பிரிந்தது பார், அந்த நெடி கூடம் வரைக்கும் போய் அம்மா மூன்று தும்மல் போட்டாள். சலித்தால் பஞ்சு மாதிரி நார் சல்லடையில் நிற்கும், அதைத் தூக்கிப் போடாதே, குளிக்கிற வெந்நீரில் போடலாம்.

அளவு இதுதான்: சுக்கு 50 கிராம் என்றால் கொத்தமல்லி விதை 100 கிராம். மிளகு 10 கிராம், திப்பிலி நாலைந்து, ஏலக்காய் ஐந்து. மல்லியை மட்டும் சின்னத் தீயில், வாசனை வந்து நிறம் லேசாக மாறுகிற வரை வறு. கருகவிட்டால் மொத்தமும் கசந்துபோகும், நான் ஒருமுறை போனில் பேசிக்கொண்டே கருகவிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். மாவாக அரைக்க வேண்டாம், ரவை பதம் போதும், நைசாகப் போனால் வடிகட்டினாலும் மண்டி இறங்கித் தொண்டையில் ஒட்டும்.

இந்தப் பொடி உன் கைக்கு வந்து சேர நாளாகும். சித்தி மகன் அடுத்த மாதம்தான் லீட்ஸ் வருகிறான். அதுவரை உங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கேக், பிஸ்கட் செய்ய விற்கிற இஞ்சிப் பொடியை வாங்கு, அது நம் சுக்குப் பொடியேதான். மல்லி விதையும் மிளகும் அங்கேயே கிடைக்கும். பச்சை இஞ்சி போட்டால் போதாதா என்று கேட்பாய். நீ கெமிஸ்ட்ரி படித்தவள், உனக்கே தெரியும், இஞ்சி காயக் காய அதிலுள்ள ஜிஞ்சரால் என்கிற பொருள் ஷோகால் என்கிற வேறொரு பொருளாக மாறுகிறது, அதற்குக் காரம் அதிகம். தொண்டையில் இறங்கும்போது அந்த ஒரு சுருக்கென்ற சூடு சுக்கில்தான் வரும்.

மூன்று டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் பொடி. கெட்டிலில் வேண்டாம், ஒரு சின்னப் பாத்திரத்தில் வை. பொங்கும், தீயைக் குறை. இரண்டு டம்ளராகச் சுண்டியதும் கருப்பட்டி போடு. உன்னிடம் உடன்குடி கருப்பட்டி இன்னும் ஒரு வட்டு இருக்கும் என்று நினைக்கிறேன், அதைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்று, மண்ணும் தூசியும் அடியில் நிற்கும். துளசி கிடைத்தால் அடுப்பை அணைத்த பிறகு நாலு இலை போட்டு உடனே மூடிவிடு, கொதிக்க வைத்தால் அதன் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும். பால் வேண்டாம். வெறும் வயிற்றிலும் வேண்டாம், உனக்கு நெஞ்செரிச்சல் வரும்.

அதிமதுரம் சேர்க்கச் சொல்லி யாராவது சொன்னால் ஒரு நாள் இரண்டு நாள் பரவாயில்லை, தினமும் வேண்டாம், பிரஷரை ஏற்றும். அம்மாவுக்கு பிரஷர் இருப்பதால் நான் இந்த வீட்டில் அதை வாங்குவதே இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது இதத்துக்குத்தான். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ கஷாயத்தை நம்பி உட்காராதே, டாக்டரைப் பார். அப்பா சொன்னார் என்று நாளைக் கடத்தாதே.

நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்த அந்த மழைக்காலத்தில், ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் சைக்கிளில் கேனை வைத்துக்கொண்டு சுக்கு காபி என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். நீ ஜன்னலில் இருந்தே கையைக் காட்டுவாய், நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய் வாங்கி வருவேன். பாதி டம்ளர் நீ, பாதி நான். அந்த ருசி வரவில்லையே என்று நீ ஒருமுறை சொன்னாய். அவர் கருப்பட்டியை நம்மைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன், நீயும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பார்.

இந்த ஞாயிறு கூப்பிடும்போது அடுப்பு பக்கத்தில் நின்றே வீடியோவில் கூப்பிடு. எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா
மயிலாப்பூர்