குழாயடியில் நிற்கும் சிறுமி

ஆசிரியர் அவர்களுக்கு,

வளரும் நாடுகளின் வறுமை, கல்வியின்மை, நோய் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துப் பேசுகிறோம். ஆனால் பள்ளி தொடங்கும் நேரத்தில் தம்பியை இடுப்பில் சுமந்தபடி குழாயடியில் குடத்துடன் காத்திருக்கும் பத்து வயதுச் சிறுமியிடம் அவை ஒன்றாகவே வந்து சேர்கின்றன. குழந்தைத் தொழிலின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிப்பதற்கான 1999-ஆம் ஆண்டு உடன்படிக்கையை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் 2020-க்குள் ஏற்றுவிட்டன. ஆயினும் 2024 மதிப்பீட்டின்படி சுமார் 13.8 கோடிக் குழந்தைகள் உழைக்கிறார்கள். பெரும்பாலோர் வயல்வெளிகளில் இருப்பதால் தொழிற்சாலைச் சோதனைகள் அவர்களை எட்டுவதில்லை. பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டருகே குடிநீரும் பெரியவர்களுக்கு நியாயமான கூலியும் கிடைக்க, அரசுகள் நிதிநிலை அறிக்கையில் முதலிடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்