ஒன்பது ரோஜா

பாரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நானும் அவரும் அத்தையும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் எல்லாம் அரைகுறையாகத்தான் போகிறது, நீயும் "சாப்பிட்டியா, குளிருதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சு வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ரஷ்யக்கார அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, போன குளிர்காலத்தில் இங்கே தங்குவதற்கான என் கார்டு விஷயமாக ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை என்னைத் திருப்பி அனுப்பியபோது, தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு விடியற்காலையில் என்கூட வந்து நின்றவர். நேற்று அவருக்கு 50 முடிந்தது. போன வாரமே நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன், சட்டென்று என் வாயைப் பொத்திவிட்டார். நாள் வருவதற்கு முன்னால் வாழ்த்தினால் ஆகாதாம் அவர்கள் ஊரில். பூவும் அப்படித்தான், இரட்டைப்படையில் கொடுத்தால் அது சாவுக்கு, நல்லதுக்கு ஒற்றைப்படைதான். நாம் மொய் எழுதும்போது நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதைச் சொன்னேன், கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் லா ஷப்பேலில் பூ வாங்கினேன். கட்டில் பத்து ரோஜா இருந்தது. ஒன்றை உருவி என் தலையில் வைத்துக்கொண்டேன், கையில் ஒன்பது. ஊரை விட்டு வந்தபிறகு பூ வைத்துக்கொண்டு வெளியே போனது நேற்றுதான்.

லா ஷப்பேலில் ஏறினால் கூர்செல் வரைக்கும் ஒரே மெட்ரோ, 2-ஆம் நம்பர். முதலில் பாலத்துமேல் வீடுகளின் ஜன்னல் உயரத்துக்குப் போகும், அப்புறம் பூமிக்குள் இறங்கிவிடும். கூர்செலில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரஷ்யக்காரர்களின் பெரிய மாதாகோயில் இருக்கிறது, 1861-இல் திறந்தது, ஐந்து கோபுரத்திலும் தங்க முலாம். 1917 புரட்சிக்குப் பிறகு ஓடிவந்த ரஷ்யர்கள் ஏராளமானபேர் இந்த ஊரில்தான் தங்கினார்களாம், பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்தவர்கள்கூட இங்கே டாக்சி ஓட்டிப் பிழைத்திருக்கிறார்கள். அக்கா பிறந்தநாள் விருந்து வைத்த ஓட்டல் அந்தக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, சின்ன இடம், சிவப்புத் திரை, நாங்கள் பதினோரு பேர்.

சாப்பாட்டைக் கேட்பாய். முதலில் போர்ஷ், பீட்ரூட்டும் முட்டைக்கோசும் போட்ட சூப். ரத்தச் சிவப்பாக இருக்கும், நடுவில் ஒரு கரண்டி புளித்த பாலேடு, அதன்மேல் பொடியாக நறுக்கிய கீரை. கிண்ணத்தைக் கிட்டே இழுத்ததும் ஒரு வாசனை அடித்தது பார், எனக்கு ஒரு நிமிஷம் நம் பெரிய மார்க்கெட் நாட்டு மருந்துக் கடை வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. சதகுப்பை அம்மா! நாம் விதையைத்தான் மருந்துக்கு வாங்குகிறோம், இவர்கள் அந்தச் செடியின் இலையை எல்லாவற்றிலும் தூவுகிறார்கள். அப்புறம் பெல்மெனி, சின்னச் சின்னக் கொழுக்கட்டை, உள்ளே பூரணத்துக்குப் பதில் கொத்துக்கறி, ஆவியில் இல்லை, கொதிநீரில் போட்டு எடுப்பது. உருளைக்கிழங்கு, பட்டாணி, ஊறுகாய் வெள்ளரி எல்லாம் கலந்த ஒலிவியே சாலட்டும் உண்டு, 1860-களில் மாஸ்கோவில் ஒலிவியே என்கிற சமையல்காரர் ஆரம்பித்துவைத்தது. கருப்பு ரொட்டியைப் புளிக்கவைத்து இறக்கிய குவாஸ் என்று ஒன்று கொடுத்தார்கள், நீராகாரத்தின் புளிப்பு அப்படியே. எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடித்தது. செலவு முழுக்க அக்காவுடையது, பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குப் போடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

இனிமேல்தான் நான் சொல்லவந்ததே. அவர்கள் சும்மா ஒரு வார்த்தை வாழ்த்திவிட்டு உட்காருவதில்லை. ஒவ்வொருவராக எழுந்து, கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்த்து, நீ எனக்கு இதைச் செய்தாய், உன்னால்தான் நான் இப்படி இருக்கிறேன் என்று நின்று நிதானமாகச் சொல்கிறார்கள். என் முறை வந்தது. படித்த பிரெஞ்சு ஒன்றும் வாயில் வரவில்லை, தமிழிலேயே சொன்னேன், "அக்கா, அந்தக் குளிரில் என்கூட நின்னீங்களே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்." யாருக்கும் ஒரு எழுத்துப் புரியாது, ஆனால் அக்கா அழுதுவிட்டார்.

அப்புறம் அவருடைய அம்மாவைப் போனில் கூப்பிட்டார்கள். 2022-லிருந்து இங்கேயிருந்து ரஷ்யாவுக்கு நேர் விமானம் கிடையாது, சுற்றிப் போக வேண்டும், காசும் அதிகம், அக்கா ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. போனை டீ ஜாடிமேல் சாய்த்துவைத்தார். தலையில் துணி கட்டிய ஒரு பாட்டி, திரையை ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்ததில் பாதி முகம்தான் தெரிந்தது. மேஜையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். இன்றைக்கு வலிபட்டவர் அவர்தானே, முதல் மரியாதை அவருக்கு என்று ஒருவர் சொன்னார்.

ராத்திரி மெட்ரோவில் வரும்போது உன் நினைப்புத்தான். உன் பிறந்தநாள் ஜூன் 1 என்று ஆதாரில் இருக்கிறது, அது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி. மாசி மகத்துக்கு மறுநாள், வைத்திக்குப்பத்தில் சாமியெல்லாம் தீர்த்தவாரி முடிந்து திரும்பிப் போனபிறகு நீ பிறந்தாய் என்று ஆயா சொல்லும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நாம் அந்த நாளைக் கொண்டாடியதில்லை. எனக்கும் தம்பிக்கும் மட்டும் வருஷம் தவறாமல் பாயசம் வைத்தாய்.

இந்த மாசியில் மகத்துக்கு மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுகிறேன், இங்கே அப்போது மதியம் ஒன்றரை, லீவு கேட்டுவிட்டேன். தம்பியை வெளியே எங்கும் போகாமல் வீட்டில் இருக்கச் சொல். அப்பா முதலில் பேசட்டும், எழுந்து நின்றுதான் பேச வேண்டும், முட்டி வலித்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம் தம்பி, கடைசியில் நான். நீ அடுப்படிக்கு ஓடாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். பாயசம் தம்பி வைப்பான், அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் மகள்