ஞாயிறு இணையவழிக் கூட்டம்: அணு எரிபொருள் ஆலைகளில் பாதுகாப்பு ஆய்வு

முன்னாள் மாணவர் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நமது மாதாந்திரக் கூட்டம் வரும் 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் மாலை 6 மணிக்கு நடைபெறும். பிரிட்டனின் நீர்மூழ்கிக் கப்பல் அணு உலைகளுக்கு எரிபொருள் தயாரிக்கும் டெர்பி நகர ஆலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, உரிமம் பெற்ற தளத்தில் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை அலுவலகத்தின் ஆய்வாளர்கள் எவற்றைப் பார்க்கிறார்கள் என்று பேசவிருக்கிறோம்.

1. உரிமத்துடன் இணைந்த 36 நிபந்தனைகளை வாசித்துவிட்டு வாருங்கள். நேரமில்லாதவர்கள் 23 (இயக்க விதிகள்), 28 (பரிசோதனை, பராமரிப்பு) ஆகிய இரண்டையாவது பார்த்துவிடுங்கள்.

2. ஜப்பானின் டோக்கைமுரா ஊரிலுள்ள அணு எரிபொருள் ஆலையில் 1999 செப்டம்பர் 30 அன்று, தொழிலாளர்கள் யுரேனியக் கரைசலை விதிமுறைக்கு மாறாக எஃகு வாளியில் எடுத்து, 2.4 கிலோ வரம்புள்ள தொட்டியில் சுமார் 16 கிலோ யுரேனியம் சேரும் அளவுக்கு ஊற்றியதால் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கி, அவர்களில் இருவர் பின்னர் இறந்தனர். வாளியே வழக்கமாகிவிட்ட ஆலையில் ஆய்வாளர் கோப்புகளை மட்டும் புரட்டிவிட்டுத் திரும்பினால் என்ன பயன் என்பது என் கேள்வி. பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

3. இத்துறையில் பணியிலிருப்பவர்கள் தங்கள் நிறுவனத்தின் உள்விவரங்களைப் பகிர வேண்டாம்.

4. வருகையை வெள்ளி இரவு 9 மணிக்குள் பெயருடன் இங்கே பதிவிடுங்கள். கட்டைவிரல் குறியை வைத்து யார் வருகிறார்கள் என்று என்னால் கணக்கெடுக்க முடியவில்லை. இணைப்பு சனிக்கிழமை வரும்.

ஒருங்கிணைப்பாளர்