நம் தெரு குடியிருப்போர் நலச் சங்கம்: 2025-26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு ஐந்து கூட்டங்கள் நடந்தன. தெருமுனை விளக்கு இரண்டு முறை பழுதானது, எழுதிக் கொடுத்துச் சரிசெய்தோம். மழைக்கு முன்பே வாய்க்கால் தூர் வாரியாச்சு. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி ஆண்டு முழுக்க ஒரே விஷயத்தைத்தான் பேசினோம், இந்த அறிக்கையும் அதைப் பற்றித்தான்: நம் வீட்டு வண்டிகளைத் தெருவில் நிறுத்தலாமா, கூடாதா.

ராமேசுவரத்தில் வண்டித் தொல்லை என்றாலே நாம் யாத்ரீகர்களைத்தான் கை காட்டுவோம். அதில் நியாயமும் இருந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் தீவுக்கு வந்த அத்தனை பேரும் ரோட்டு வழியாகத்தான் வந்தார்கள், ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் நம் தெருவில் வேன்களுக்கு நடுவில் அடுப்பு வைத்துச் சமையல் நடக்கும், வீட்டுக்காரர் வாசலைத் தாண்டி வெளியே வர முடியாது. ரயில் வந்துவிட்டது, இனி குறையும் என்று போன ஆண்டறிக்கையில் நானே எழுதியிருந்தேன். குறையவில்லை. ஏன் என்று ஐப்பசியில் ஒரு ராத்திரி தெரிந்தது.

அன்றைக்கு அமாவாசையும் இல்லை, லீவும் இல்லை. வெளியூர் வண்டி ஒன்றுகூடத் தெருவில் கிடையாது. மணி பதினொன்றரை இருக்கும், நடுத்தெரு அப்பத்தாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, 108-க்கு அடித்தோம், ஆம்புலன்சும் சீக்கிரமே வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் ஒரு பக்கம் கார், எதிர்ப்பக்கம் வரிசையாகப் பைக். காரின் கண்ணாடியை மடக்கிப் பார்த்தோம், பைக்குகளைத் தூக்கிச் சுவரோடு சாய்த்துப் பார்த்தோம், டிரைவர் இறங்கி வந்து கையால் முழம் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கடைசியில் சிவப்பு பிளாஸ்டிக் சேரில் அப்பத்தாவை உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. "என்னைய இறக்கி விடுங்கய்யா, நானே நடந்து வாரேன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார், இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வழியை அடைத்து நின்றது என் மச்சான் கார். என் வீட்டு வாசலில்தான் நின்றது. அதை மறைத்துவிட்டு இந்த அறிக்கையை எழுத எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் டேப் எடுத்துக்கொண்டு மூன்று பேர் தெருவை அளந்தோம். மேற்கு முனையில் வாய்க்கால் ஓரத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 19 அடி. நடுத்தெருவில் 14. கிணற்று மூலையில் 11 அடிதான். இன்னோவா கிரிஸ்டா ஒன்று 6 அடி அகலம், ஸ்விஃப்ட் என்றால் 5 அடி 8 அங்குலம். சுவரை விட்டு அரையடி தள்ளி நிறுத்தினால், 14 அடித் தெருவில் ஏழரை அடிதான் மிஞ்சும். அதிலும் எதிர்ப்பக்கம் பைக் நின்றால் தண்ணி லாரிகூட நுழையாது, தீயணைப்பு வண்டியை நினைக்கவே வேண்டாம்.

இந்தத் தெருவைப் போட்டவர்கள் மேல் குற்றமில்லை. 1988 அக்டோபரில் பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்கும் வரைக்கும் இந்தத் தீவுக்கு ரயில்தான் வழி. குதிரை வண்டி போய்வந்தால் போதும் என்று சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள் நம்முடையவை. ஆனால் பின்னால் நாம் செய்ததும் இருக்கிறது. கார் ஷெட்டோடு கட்டிய வீடுகளிலேயே சிலர் ஷெட்டை அடைத்து, ஏசி மாட்டி, யாத்ரீகர்களுக்கு அறையாக விட்டிருக்கிறோம். உள்ளே நின்ற கார் தெருவுக்கு வந்துவிட்டது. இன்னும் சிலர் வாசலில் கல்லும் டிரம்மும் வைத்து இடம் பிடித்து, அமாவாசைக்கு அமாவாசை அதையே வேன்காரர்களுக்கு நூறு ரூபாய்க்கு விடுகிறார்கள். வீடு நம்முடையது, வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு நம்முடையது கிடையாது. இதை யார் மனதையும் புண்படுத்தச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கூட்டத்தில் கேட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122: பொது இடத்தில் மற்றவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை விட்டு வைக்கக் கூடாது. பிரிவு 127 இன்னும் கறார். ஆளில்லாமல் பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தச் சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் உத்தரவு போடலாம். ராத்திரி பத்து மணிக்கு விட்டுக் காலை எட்டு மணிக்கு எடுக்கிறோமே, கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. எங்கே நிறுத்தலாம் என்று இடம் குறிக்கும் அதிகாரம், பிரிவு 117-இன்படி, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான் உண்டு. நம் சங்கம் சுண்ணாம்பில் கோடு போட்டால் அது செல்லாது.

ஜப்பானைப் பற்றி ஓர் இளைஞர் பேசினார். அங்கே 1962-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வண்டி நிறுத்த சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கினால்தான் பொதுவாகக் கார் பதிவாகும், தெருவை இடமாகக் காட்ட முடியாது. இங்கேயும் அதே மாதிரி வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அது சரி, நம் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளும் வண்டிக்கு இடம் காட்டச் சொல்கின்றன. ஒன்றரை சென்ட்டில் வீடு கட்டிக் கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறவரை நாளைக்கே தெருவை விட்டுப் போ என்றால் எங்கே போவார்? அவருக்கு அந்தக் கார்தான் சோறு. உப்புக்காத்தில் வெளியே கிடந்து, வாங்கி நாலு வருடத்தில் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்கிற காரை அவர் ஆசைப்பட்டா தெருவில் விடுகிறார்?

ஆகவே கூட்டத்தில் நான் சொன்னதும், காரசாரமாகப் பேசி முடித்துப் பெரும்பான்மையில் தீர்மானமானதும் இதுதான். நிறுத்தலாமா கூடாதா என்பதைத் தெருவின் அகலம் முடிவு செய்யட்டும். வண்டி நின்ற பிறகு 12 அடி மிஞ்சுகிற இடத்தில் மட்டும், ஒரே பக்கத்தில், குடியிருப்போர் வண்டிக்கு நகராட்சி இடம் குறித்து, வருடக் கட்டணமும் வாங்கட்டும். வீட்டுக்கு ஒரு வண்டிதான். நம் தெருவில் மேற்கு முனை மட்டும் இதற்குத் தேறும். நடுத்தெருவிலும் கிணற்று மூலையிலும் இரவோ பகலோ கார் நிற்கக் கூடாது, நம் காரும் சரி, யாத்ரீகர் வேனும் சரி. கல், டிரம் எல்லாம் எடுத்துவிட வேண்டும். மனு கொடுத்துவிட்டோம், பதில் இன்னும் வரவில்லை, மாதம் ஒரு முறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் நடுத்தெருப் பூவரச நிழலில் வலை பின்னுகிறவர்களுக்கு இடம் போய்விடுமோ என்று ஒரு கவலை வந்தது. போகாது. கார் நிற்காவிட்டால் அவர்களுக்கு நிழல் கூடத்தான் கிடைக்கும்.

மேற்கு முனையில் இடம் கிடைக்காத கார்களுக்கு என்ன வழி? தெருவுக்குப் பின்னால் ஐந்து நிமிட நடையில் நம் உறுப்பினர் ஒருவரின் காலி மனை இருக்கிறது, குறைந்த வாடகைக்குத் தர ஒப்புக்கொண்டார். மழையில் அவ்வளவு தூரம் நடப்பதா என்று கேட்டவர்களுக்கு நான் அந்தச் சிவப்பு சேரைத்தான் காட்டினேன். என் மச்சான் இரண்டு மாதமாக வேறோர் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்துதான் வருகிறார்.

மனை முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கிவிடும், படகுகள் கரையில் இருக்கும், ஆள் கிடைப்பார்கள். ஏப்ரல் 19 ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வெட்டத் தொடங்குகிறோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். அரிவாளும் காலுக்குச் செருப்பும் கட்டாயம், முள் பொல்லாதது. டீ சங்கத்துச் செலவு.

இப்படிக்கு,
செயலாளர்