அம்மம்மாவின் கல்வெட்டில் சேர்க்க வேண்டியவை

லோபோட்டன் தீவுகள்,
நோர்வே.

அன்புள்ள பெரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. அம்மம்மாவின் அந்தியேட்டிக் கிரியையன்று வழங்குவதற்காகத் தாங்கள் எழுதிய கல்வெட்டு என்னும் நினைவு நூலின் படியைத் தம்பி வட்சப்பில் அனுப்பியிருந்தான். திருகோணமலையின் திருக்கடலூரில் அவர் பிறந்ததும், தாத்தாவைக் கைப்பிடித்ததும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், பத்திரகாளி அம்பாளிடம் அவர் கொண்டிருந்த பக்தியும், சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வருகையில் வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருந்ததும் அதில் அழகாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் 93 ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றில் 60 ஆண்டுகளுக்கும் மேலாகக் கருவாட்டு வியாபாரம் செய்த ஒருவரின் கல்வெட்டில் ‘கருவாடு’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘கணவருக்கு உறுதுணையாய் நின்று இல்லறத்தை நல்லறமாக்கினார்’ என்ற ஒரே வரியில் அவருடைய கடையும் கருவாடு உலர்த்தும் வாடியும் அடங்கிவிட்டன. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு பக்கங்களாவது சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வாழும் இடத்தைப் பற்றி நீங்கள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் குளிரையும் இருட்டையும் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். டிசம்பர் முற்பகுதியிலிருந்து ஜனவரி முற்பகுதி வரை இங்கே சூரியன் எழுவதில்லை. மே மாத இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அது மறைவதில்லை. இவற்றுக்கெல்லாம் உடம்பு பழகிவிடுகிறது. சொல்ல வேண்டிய செய்தி வேறு. இந்தத் தீவுகள் பல நூற்றாண்டுகளாகக் கருவாட்டினால் வாழ்பவை. வடக்கே பேரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன்கள் முட்டையிடுவதற்காக ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை இந்தக் கரைகளுக்குத் திரளாக வருகின்றன. அவற்றைப் பிடித்துத் தலை நீக்கிக் குடலெடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, கரையோரம் எழுப்பிய உயரமான மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். ஒரு பிடி உப்பும் சேர்ப்பதில்லை. காற்றும் குளிருமே உலர்த்துகின்றன. பெப்ரவரியில் தொங்கும் மீனை மே, ஜூன் அளவில் இறக்கும்போது ஐந்து கிலோ பச்சை மீன் ஏறத்தாழ ஒரு கிலோவாகிவிடும். முதல் தரம் இத்தாலிக்குப் போகிறது. வெட்டியெடுத்த தலைகளையும் தனியே கோத்து உலர்த்தி நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். பள்ளி விட்டதும் சிறுவர் சிறுமியர் மீன்கூடத்துக்கு வந்து கொட் மீனின் நாக்குகளை அறுத்து விற்றுத் தங்களுக்கென்று காசு சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். எந்தப் பெற்றோரும் அதைக் குறைவாக எண்ணுவதில்லை.

வசந்த காலத்தில் ஊர் முழுவதும் அந்த வாடை நிறைந்திருக்கும். வெளியூரார் யாரேனும் முகம் சுளித்தால், அது பணத்தின் வாசம் என்று இவ்வூர்க்காரர் பெருமையாகச் சொல்வார்கள். ‘ஓ’ என்னும் சிற்றூரில் கருவாட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 1432ஆம் ஆண்டில் கப்பல் உடைந்து ரோஸ்ட் தீவில் கரையொதுங்கிய குவெரினி என்ற வெனிஸ் நகர வணிகர் அங்கே தங்கியிருந்தது சில மாதங்களே. இந்தக் கருவாட்டைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று அறிமுகப்படுத்தியவர் என்பதற்காக அவருக்கு ஒரு நினைவுத்தூணை எழுப்பியிருக்கிறார்கள். தங்களது படியைப் படித்து முடித்தபோது எனக்கு அந்தத் தூணின் நினைவு வந்தது.

நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் தரம் பிரிக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, நீளமும் தடிப்பும் பார்த்து, வயிற்றுப் பகுதியைத் திறந்து, கழுத்தில் இரத்தக்கறை உண்டா, பூஞ்சணம் உண்டா, உறைபனி தசையைப் பிளந்திருக்கிறதா என்று நோக்கி, முகர்ந்து, ஏறத்தாழ 20 தரங்களில் ஒன்றில் இடுகிறார். ஒரு மீனுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. அவர் வைத்த தரமே விலை. அதற்கு மேல் முதலாளியும் பேசுவதில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை பழகத் தொடங்கியபோது எனக்கு அந்தக் கைகள் புதியனவாகத் தோன்றவில்லை. மத்திய வீதிக் கடையின் பின்னறையில், சாக்கு விரித்த தரையில் அமர்ந்து, கட்டாவையும் சீலாவையும் பாரையையும் அம்மம்மா அதே வேகத்தில்தான் குவியல்களாகப் பிரித்தார். வாலை வளைத்துப் பார்ப்பார். முதுகெலும்போரம் விரலால் அழுத்துவார். செவுளிடத்தை மூக்கருகே கொண்டுபோவார். ஒரு குவியல் கொழும்புப் புறக்கோட்டைக்கு, ஒன்று கடைச் சில்லறைக்கு, ஒன்று மலையகத் தோட்டங்களுக்கு. உடைந்தது கோழித்தீனிக்குப் போகும். அவர் கையால் பிரித்த சாக்கு என்றால் புறக்கோட்டையில் அவிழ்த்துப் பார்க்காமலே நிறுப்பார்கள் என்று தாங்கள்தாம் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாக்கியம் கல்வெட்டில் வர வேண்டாமா?

அவருடைய அறிவின் ஆழம் எனக்கு இங்கே வந்த பிறகே முழுமையாக விளங்கியது. நிலாவெளி உப்பளத்திலிருந்து வந்த புது உப்பை அவர் உடனே மீனில் போட விடமாட்டார். ஒரு மாரியாவது கண்டு, கசிந்து, கசப்பு இறங்கிய உப்பைத்தான் எடுப்பார். உப்பிலிருக்கும் மக்னீசியம் ஈரத்தோடு வடிந்து போவதால் கசப்புக் குறைகிறது என்று இங்கே வேலைப் பயிற்சியில் சொல்லித் தந்தபோது, அதே காரணத்தை வேறு சொற்களில் அவர் வாயால் கேட்டிருந்தேன். முதல் நாள் உச்சி வெயிலில் மீனைப் பரப்பக் கூடாது, மேல்தோல் இறுகி உள்ளீரம் அடைபட்டு நடுவில் அழுகும் என்பது அவர் விதி. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியலில் பரப்பி, உச்சியில் ஓலைக்கீற்றால் நிழல் கொடுத்து, பிற்பகலில் மறுபக்கம் திருப்புவார்கள். இங்கே வெயிலுக்குப் பதிலாக உறைபனியே பகை. ஈரம் வற்றுமுன் கடும் பனி பிடித்தால் தசை உடைந்துவிடுகிறது. எது எந்த நாளில் மீனைக் கெடுக்கும் என்று முன்கூட்டியே அறிவதுதான் இரண்டு இடங்களிலும் தொழில்.

அவர் இதைத் தொடங்கிய விதத்தையும் எழுத வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அவருக்குப் பத்து வயது. தலையில் பாத்திரச் சுமையோடு மூதூர்ப் பக்கம் ஓடிய கதையை எல்லோரும் அறிவோம், தாங்களும் எழுதியிருக்கிறீர்கள். அதைவிட முக்கியமானது 1957. பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துப் போனபோது துறைமுகத் தொழிலாளர் பலரோடு தாத்தாவும் வேலையிழந்தார். கரைவலையில் விலைபோகாமல் மணலில் கிடந்த சூடை மீனைக் கடகத்தில் வாங்கிவந்து, வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உலர்த்தி, சந்தைவாசலில் அமர்ந்து அம்மம்மா விற்றது அப்போதுதான். தாத்தா அவருக்குப் பெரிய துணையாக இருந்தார். உப்புச் சாக்குச் சுமந்தார், இரவு ரயிலில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றினார். ஆயினும் விலை பேசியதும் கடன் கொடுத்ததும் கணக்கை மனத்தில் வைத்திருந்ததும் அம்மம்மாவே. ஆகவே ‘கணவருக்கு உறுதுணையாய்’ என்ற வரி, தாத்தாவே உயிரோடிருந்து படித்தாலும் திருத்தச் சொல்லியிருக்கக்கூடிய வரி என்று நினைக்கிறேன்.

வாங்குவதைக் கைக்காசுக்கு வாங்கி, விற்பதைக் கடனுக்கு விற்றவர் அவர். “கடலுக்குப் போய் வந்தவனைக் காசுக்குக் காக்க வைக்கக்கூடாது” என்பார். அதனால்தான் திருக்கடலூரிலும் சல்லியிலும் படகும் வலையும் வைத்திருந்த சம்மாட்டிமார் பருவத்தில் உழைத்த பணத்தை வாடைக்காலச் செலவுக்கென்று அவரிடம் கொடுத்து வைத்தார்கள். கடல் அடைபட்டு விலை ஏறும் மாதங்களில் விற்பதற்காக அந்தப் பணத்தைச் சரக்காக்கி அடுக்கி வைத்திருந்த வேளையில், 1964 டிசம்பர் 22ஆம் திகதிச் சூறாவளி சரக்குக் கிட்டங்கியைக் கூரையோடு கொண்டுபோனது. மறுநாள் அவரிடம் விற்கக்கூடியதாக எஞ்சியவை காதிலும் கையிலும் இருந்த நகைகளே. அடுத்த சித்திரைக்குள் கொடுத்து வைத்தவர்கள் அனைவருக்கும் சதம் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். அம்மாவின் காதுகுத்தலுக்கு இரவல் தோடு வாங்கிய கதை அதன் தொடர்ச்சிதான்.

1983ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது நம் கடையும் எரிந்தது. கடன் கொப்பிகளும் சாம்பலாயின. கொடுக்க வேண்டியதையெல்லாம் அவர் நினைவிலிருந்தே கொடுத்தார். வர வேண்டியதில் பாதிக்கு மேல் வரவில்லை. பருவந்தோறும் நீர்கொழும்பிலிருந்து வந்து வாடியடித்துத் தொழில் செய்த சிங்கள முதலாளி ஒருவர், தாம் கொடுக்க வேண்டியிருந்ததைக் காசுக்கட்டளையாக அனுப்பியதையும், கிண்ணியா வியாபாரி ஒருவர் கைம்மாற்றுக் கேட்காமலே இரண்டு சாக்குச் சரக்கை வாசலில் இறக்கிவிட்டுப் போனதையும் அம்மம்மா சாகும்வரை சொல்லிவந்தார். அவற்றை வாய்திறந்து சொல்வதே கடினமாயிருந்த ஆண்டுகளிலும் அவர் சொன்னார். இவ்விரண்டு செய்திகளையும் விட்டுவிடாதீர்கள். 1990இன் அகதி வாழ்க்கையைப் பற்றித் தாங்கள் எழுதியுள்ளது போதுமானது.

கடற்கோளுக்குப் பிந்திய மாதங்களைப் பற்றி நிச்சயம் எழுத வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, உடல்கள் போன கடலின் மீனை உண்ண மனம் ஒப்பாமல் சனங்கள் மீனையே ஒதுக்கினார்கள், கருவாடும் விற்கவில்லை. வாடியும் போய், சரக்கும் தேங்கி, தம் எழுபதுகளில் இருந்த ஒருவர் ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கந்தளாய்க் குளத்து மீனை லொறியில் வருவித்து, வாடியில் வேலை செய்துவந்த அதே பெண்களைக் கொண்டு வெட்டி உலர்த்தி, ‘குளத்துக் கருவாடு’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டார். எனக்கு அவர் செய்தவற்றுள் மிகப் பெரிதாகப் படுவது இதுவே. ஏனெனில் அது அவருக்கு இலாபம் தரவில்லை, அந்தப் பெண்களுக்குக் கூலி தந்தது.

இங்கே தொழிலாளர் அனைவருக்கும் முந்திய ஆண்டின் உழைப்புக்கேற்ப விடுமுறைப் பணம் சட்டப்படி உண்டு. பெரும்பாலும் ஜூன் மாதத்தில் கைக்கு வரும். முதன்முறை அதைப் பெற்றபோது, வாடைக்காலத்தில் மீன் இல்லாத வெள்ளிக்கிழமைகளிலும் அம்மம்மா கடையின் காசு லாச்சியைத் திறந்து அந்தப் பெண்களுக்கு அரைக்கூலி எண்ணிக் கொடுத்தது என் கண்முன் நின்றது. அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இருக்கவில்லை.

மாமா, தாங்கள் ஏன் இவற்றை எழுதவில்லை என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது. கல்வெட்டு சம்பந்திமார் வீடுகளுக்குப் போகும். கொழும்பிலும் கனடாவிலும் இருப்பவர்கள் படிப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கோணேஸ்வரா இந்துக் கல்லூரியிலும் சண்முகாவிலும் படித்த காலத்தில் சீருடையில் ஒட்டிய மணத்துக்காகக் கேட்ட சொற்கள் இன்னும் மறக்கவில்லை என்பதையும் அறிவேன். ஆனால் அந்தப் படிப்பு முழுவதற்கும் கட்டணம் கட்டியது அந்தக் கருவாடுதான். என் விமானச் சீட்டின் பணமும் அந்த லாச்சியிலிருந்து வந்ததே. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவின் படையலில் சீலாக் கருவாட்டுக் குழம்பு வைத்தீர்கள் என்று அம்மா சொன்னபோது மிகவும் மகிழ்ந்தேன். வீட்டுக்குள் படைத்ததை ஊரறிய அச்சிலும் இடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முகப்புக்குப் பட்டுச்சேலை உடுத்து ஸ்டூடியோவில் எடுத்த படத்தைத் தெரிவு செய்திருக்கிறீர்கள். அது இருக்கட்டும். உள்ளே ஒரு பக்கத்தில், கடையில் தராசைப் பிடித்தபடி நிற்கும் படத்தையும் சேருங்கள். அதன் மூலப்படம் சின்ன மாமியின் அலுமாரியில் இருக்கிறது. பெயருக்குக் கீழே ‘கருவாட்டு வியாபாரி, மத்திய வீதி’ என்று போடுங்கள். வாடியில் அவரோடு வேலை செய்த பெண்களில் உயிரோடிருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு நன்றி நவிலலில் தனித்தனியே எழுதுங்கள். அந்தியேட்டிப் பந்தியில் அவர்கள் முதல் வரிசையில் அமர வேண்டும். பின்கட்டில் பாத்திரம் கழுவ விட்டுவிடாதீர்கள். அச்சகத்துக்கு ஆகும் மேலதிகச் செலவை நான் அனுப்புகிறேன். எத்தனை பக்கம் கூடுகிறது என்பதைத் தம்பி மூலம் அறிவித்தால் இவ்வாரமே பணம் வந்து சேரும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மருமகள்