ஏழாம் நம்பர் சட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே வர்ஜீனியாவில், ரிச்மண்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவன் காலேஜில் இரண்டாம் வருஷம்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தவனும் அவன்தான். லீவுக்கு வந்தவன் அட்டிக்கில் பெட்டிகளைக் குடைந்துவிட்டு, அமெரிக்கன் ஃபுட்பால் அணியான அட்லாண்டா ஃபால்கன்ஸில் மைக்கேல் விக் போட்ட ஏழாம் நம்பர் ஜெர்சியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தான். நீயும் நானும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கினோமே, அதே சட்டை. "அப்பா, நீங்க மைக்கேல் விக் ஃபேனா?" என்று கேட்டான். அவன் காலடியில் ரோஸி படுத்திருந்தாள். ஷெல்டரிலிருந்து கொண்டுவந்த நாய், பிட்புல் கலப்பு. இடது காதில் ஒரு துண்டு இல்லை. யாராவது துடைப்பத்தைத் தூக்கினால் போதும், சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்வாள். அவளை வைத்துக்கொண்டு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

2002 டிசம்பர் முதல் தேதி, மினசோட்டா அணியுடன் நடந்த ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. ஓவர்டைம். பந்தை எறியப் பின்வாங்கிய விக் எறியாமல் ஓடத் தொடங்கினான். கடைசியில் இரண்டு பேர் இரு பக்கமும் பாய, நடுவே நழுவிப் போய்விட்டான், அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். 46 யார்டு ஓடிக் கோட்டைத் தாண்டினான், டச்டவுன். நீ சோபாவிலிருந்து எழுந்த வேகத்தில் காபி முழுக்க கார்ப்பெட்டில். அடுத்த மாதமே கிரீன் பேயில் பேக்கர்ஸை 27-7 என்று ஜெயித்தார்கள். தங்கள் சொந்த லாம்போ மைதானத்தில் பேக்கர்ஸ் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றில் தோற்றது அதுதான் முதல் தடவை.

நம் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக இருந்த பெரியவரை ஞாபகம் இருக்கிறதா? அவர் காலத்தில் பள்ளியில் நன்றாக எறிந்த கறுப்புப் பையன்களை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்காக இருக்க இவர்களுக்குத் தலை போதாது என்று சொல்லி வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2001-இல், முதல் ஆளாக எடுக்கப்பட்ட முதல் கறுப்பு குவாட்டர்பேக் விக். அதைச் சொல்லும்போது அந்தப் பெரியவர் குரல் தழுதழுத்தது. நமக்கு அது வேடிக்கை, அவருக்கு வாழ்க்கை.

2006 சீசனில் விக் 1,039 யார்டு ஓடினான். ஒரே சீசனில் ஆயிரம் தாண்டிய முதல் குவாட்டர்பேக். அந்த வருஷத்தோடு நீ கோயம்புத்தூருக்குப் போய்விட்டாய். நான் ரிச்மண்டுக்கு மாறினேன். அப்புறம் நடந்ததெல்லாம் என் வீட்டுப் பக்கத்திலேயே நடந்தது.

இங்கிருந்து ஒரு மணி நேர தூரத்தில் சர்ரி கவுண்டி. கடலைக் காடும் பைன் மரமுமான நாட்டுப்புறம். அங்கே விக்குக்கு ஒரு வெள்ளை வீடு, பின்னால் மரங்களுக்குள் கறுப்புப் பெயின்ட் அடித்த கொட்டகைகள். 2007 ஏப்ரலில், உறவினன் ஒருவன் மேல் இருந்த போதைப்பொருள் விசாரணைக்காகச் சோதனை போட வந்த போலீஸ், நாய்ச் சண்டைக்காக வளர்த்துச் சங்கிலியில் கட்டிய நாய்களைப் பார்த்தது. ஐம்பது பிட்புல் அளவுக்கு இருந்தன. விக் முதலில் எனக்குத் தெரியாது என்றான். சொந்தக்காரர்கள் மேல் பழி போட்டான். நானும் நம்பினேன். ஆகஸ்டில் இதே ரிச்மண்டின் ஃபெடரல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சண்டைக்குச் சரிப்படாத ஆறு முதல் எட்டு நாய்களைத் தூக்கிலிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றதில் தனக்கும் பங்கு உண்டு என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. அன்றிரவுதான் சட்டையைப் பெட்டிக்குள் போட்டேன்.

23 மாதத் தண்டனை. அரசுத் தரப்பு கேட்டதைவிட அதிகம். முழு உண்மையைச் சொல்லவில்லை என்பது நீதிபதியின் எண்ணம். 13 கோடி டாலர் ஒப்பந்தம் போனது, திவால் மனு கொடுத்தான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது நாய்களின் கதை. அதுவரை சண்டை நாய்கள் பிடிபட்டால் ஊசி போட்டுக் கொல்வதுதான் வழக்கம். இவற்றையும் கொல்வதே நல்லது என்று விலங்கு நல அமைப்புகளான பீட்டாவும் ஹ்யூமேன் சொசைட்டியும்கூடச் சொன்னார்கள். கோர்ட் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதிக்க வைத்தது. முரட்டுத்தனத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. மிகச் சிரமமான 22 நாய்கள் யூட்டாவில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின. பராமரிப்புக்காக விக் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், சின்னப் பிள்ளைகள் புத்தகம் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்குமாம். ஃப்ரோடோ என்ற கடைசி நாய் 2021 டிசம்பரில் 15 வயதில் ஒரு வீட்டில் உயிர்விட்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் அழுதேன் மாப்ளே. ரோஸி போன்ற ஒரு நாயை எங்கள் வீட்டுக்கு எடுத்துவரும் தைரியம் அந்த நாய்களால்தான் வந்தது.

விக்கைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2009-இல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவனை எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் நவம்பரில் வாஷிங்டன் அணிக்கு எதிராக முதல் எறியிலேயே 88 யார்டு டச்டவுன், முடிவில் 59-28. அன்று டிவி முன்னால் கத்திவிட்டேன், கத்திய பிறகு மனசு கூசியது. கடனை ரத்து செய்துவிட்டு ஒதுங்கும் வழி இருந்தும், வருஷக்கணக்கில் சம்பாதித்துக் கட்டினான். நாய்ச் சண்டையை வேடிக்கை பார்ப்பதும் குற்றமாக வேண்டும் என்று 2011-இல் வாஷிங்டனுக்குப் போய்ப் பேசினான். அதெல்லாம் நடிப்பு என்று சொல்பவர்கள் இங்கே நிறைய. நான் அப்படி நினைக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஒருவன் நடிக்க முடியாது. ஆனால் கடன் கட்டினான், ஆகவே கணக்கு தீர்ந்தது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கட்டிய கடன் மனிதர்களுக்குக் கட்டியது.

இதையெல்லாம் மகனிடம் சொல்லி முடிக்க ராத்திரி பதினொன்றாகிவிட்டது. அவன் பேசாமல் ரோஸியின் காதைத் தடவிக்கொண்டே கேட்டான்.

விஷயம் என்னவென்றால், விக் இப்போது நார்ஃபோக் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைக் கோச், 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அவன் பிறந்த நியூபோர்ட் நியூஸுக்கு எதிர்க்கரைதான். பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறான் என்று பார்க்க வேண்டும் என்கிறான் சின்னவன். எனக்கும் ஆசைதான். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். சட்டையைப் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். அதைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. இப்போது டைனிங் டேபிள் நாற்காலியில் தொங்குகிறது. பாதி உன்னுடையது, என்ன செய்யலாம் என்று எழுது.

அம்மாவிடம் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்